ஐந்தாவது கார்பைன்

மார்ச் 18, திங்கள்

ரூட் கெனால் நடுவில் ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்துவிட்டது. தேர்தல் தேதி அறிவித்துவிட்டார்களாம். உரிமம் உள்ள துப்பாக்கிகளை எல்லாம் மூன்று நாளைக்குள் ஒப்படைக்க வேண்டுமாம். ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்து. என்னிடம் இருப்பவை நான்கு கார்பைன்கள். விக்டோரியா மகாராணி காலத்துக் குதிரைப்படைக்காரர்கள் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு போன குட்டைத் துப்பாக்கிகள். அவை கடைசியாக வெடித்தபோது என் கொள்ளுத்தாத்தாவே பிறந்திருக்க மாட்டார். இவற்றை வைத்துக்கொண்டு நான் எந்த வாக்குச்சாவடியைப் பிடிக்கப்போகிறேன்?

எஸ்தரிடம் புலம்பினேன். அவள் அரசுப் பள்ளி ஆசிரியை. அவளுக்கும் பூத் டியூட்டி ஆணை வந்திருக்கிறது. "என்னையே விடல, உங்க துப்பாக்கிய விடுவாங்களா?" என்றாள்.

மார்ச் 20, புதன்

நான்கையும் பழைய வேட்டிகளில் சுற்றி, பின்சீட்டில் போர்வை விரித்துப் படுக்கவைத்துக் கொண்டுபோனேன். ஸ்டேஷன் ரைட்டர் முனிரத்தினம் வேட்டிகளை உருவி எறிந்துவிட்டு, விறகு அள்ளுவதுபோல் நான்கையும் ஒரே அணைப்பாக அள்ளினார். "மெதுவாங்க" என்றேன். "துப்பாக்கிதானே சார், கொழந்தையா?" என்றார். ரசீதில் "பழைய துப்பாக்கி, 4" என்று எழுதினார். ஒரு ஸ்னைடர், ஒரு மார்ட்டினி ஹென்றி, ஒரு வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ், ஒரு 1856 மாதிரி. பத்தொன்பது வருடத் தேடல், அவருக்கு ஒரு வரி.

சண்டை போட வாய் திறந்தேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன்.

பின் அறையில் சுவரோரமாக ஏழெட்டு நாட்டுத் துப்பாக்கிகள் சாத்தியிருந்தன. காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கிய விவசாயிகளுடையவை. கழுத்தில் அட்டை கட்டியிருந்தது. இடமிருந்து மூன்றாவதன் உடம்பில் இடது பக்கம் ஓர் இரும்புச் சட்டமும் அதில் ஒரு வளையமும். குதிரைக்காரனின் தோள்வாரில் மாட்டுகிற வளையம் அது. மருந்து இடிக்கும் கம்பி குழலின் வாயிலேயே கீல் போட்டு மாட்டப்பட்டிருந்தது. குதிரைமேல் இருப்பவன் அதைத் தவறவிட்டால் இறங்கி எடுக்க முடியாது, அதற்காக. பூட்டுத் தகட்டில் தூசிக்கு அடியில் கிரீடம் தெரிந்தது.

விக்டோரியா கார்பைன். என் அலமாரியில் இல்லாத ஐந்தாவது. லண்டன் ஏலப் பட்டியல்களில் படமாக மட்டும் நான் பார்த்தது. இந்த ஊரில், என் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டரில், அட்டை கட்டிக்கொண்டு நிற்கிறது.

தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எலெக்‌ஷன் முடியட்டும் சார்" என்றார் முனிரத்தினம்.

மார்ச் 21, வியாழன்

இன்று ஒரு நோயாளிக்குத் தவறான பல்லைச் சுத்தம் செய்துவிட்டேன். நல்ல வேளை, சுத்தம்தான்.

மார்ச் 22, வெள்ளி

முனிரத்தினத்தின் மனைவிக்குப் பல் கூச்சம். அவரே அழைத்துவந்தார். காசு வாங்கவில்லை. அட்டையில் இருந்த பெயரைக் கேட்டேன். வரதன், மேல்பாக்கனூர். பதினெட்டு கிலோமீட்டர்.

மார்ச் 24, குருத்தோலை ஞாயிறு

எஸ்தர் குருத்தோலையுடன் கோவிலுக்குப் போனாள். எனக்குத் தலைவலி என்று சொல்லிவிட்டு மேல்பாக்கனூர் போனேன்.

வரதன் இல்லை. இறந்து மூன்று வருடம் ஆகிறதாம். அவர் மனைவி தேசம்மாதான் இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். தாடையில் ஒரு பக்கம் வீங்கியிருந்தது. கேட்பதற்கு முன்பே என் கண் அங்கேதான் போனது, தொழில் அப்படி. இரண்டு ஏக்கர் மல்லாட்டை போட்டிருக்கிறார். வேர்க்கடலையை இந்தப் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். அறுவடைக்கு இன்னும் ஒரு மாதம். கோடியில் வனத்துறைக் காடு.

துப்பாக்கி எப்படி வந்தது என்று கேட்டேன். "அவங்க தாத்தா ஆற்காட்டுல எங்கியோ ஏலத்துல எத்தாராம். அத்தினிதான் தெரியும்" என்றார். வரதன் அந்த வளையத்தில் கயிறு கோத்துத் தோளில் மாட்டிக்கொண்டு டி.வி.எஸ். ஐம்பதில் கொல்லையைச் சுற்றி வருவாராம். அந்த வளையத்தை என்ன வேலைக்குச் செய்தார்களோ அதே வேலையை நூற்றெண்பது வருடம் கழித்தும் ஒரு மனிதர், யாரும் சொல்லிக்கொடுக்காமல், செய்திருக்கிறார்.

விலைக்குக் கேட்டேன். எவ்வளவு வேண்டுமானாலும் தருகிறேன் என்றேன்.

"இன்னா சார் பேசற? அத்த வித்துட்டு பன்னிய நானு சீலயால வெரட்டுவனா? குண்டுலாம் போடறதில்ல. மருந்து மட்டும் இடிச்சி ஒரு வெடி. அந்தச் சத்தம் கேட்டா நாலு நாளைக்கு அண்டாது."

"லைசென்ஸ் உங்க பேர்ல மாத்திட்டீங்களா?" என்று கேட்டேன். வேண்டுமென்று கேட்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது.

குரலை இறக்கினார். "இல்ல சார். போன எலெக்‌ஷனுக்கு அவுருக்கு ஒடம்பு செரியில்லன்னு சொல்லி நானே கொண்டாந்து குடுத்தேன். இந்த வாட்டியும் அதான் சொல்லிக்கீறேன். நீங்க படிச்சவரு, பல்லு டாக்டரு. ஸ்டேஷன்ல சொல்லிடாதீங்க."

சரி என்றேன். பல்லுக்கு மாத்திரை எழுதிக்கொடுத்து, க்ளினிக் முகவரியும் கொடுத்தேன். ஒரு படி மல்லாட்டை கட்டிக்கொடுத்தார். வரும் வழியெல்லாம் எரிச்சல். மூன்று வருடமாக உரிமம் இல்லாமல் ஒரு விக்டோரியா கார்பைனில் கரிமருந்தைப் போட்டு இடித்துக்கொண்டிருக்கிறார்கள். ஒரு நாள் குழல் வெடித்தால் யார் பொறுப்பு?

மார்ச் 26, செவ்வாய்

வேறு வேலையாக அந்தப் பக்கம் போனதால் ஸ்டேஷனில் எட்டிப் பார்த்தேன். முனிரத்தினத்திடம் பொதுவாக ஒரு சந்தேகம் கேட்டேன். உரிமதாரர் இறந்துவிட்டால் துப்பாக்கி என்ன ஆகும்? வாரிசு அதை உரிமம் உள்ள வேறொருவருக்குத்தானே விற்க வேண்டும்?

"ஏன் சார், யாரு செத்துட்டாங்க?" என்றார்.

"யாருமில்ல, பொதுவாத்தான்."

சட்டம் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பெயர் எதுவும் நான் சொல்லவில்லை.

மார்ச் 29, புனித வெள்ளி

மூன்று மணி ஆராதனை. ஃபேன் ஓடவில்லை. போதகர், இயேசுவைத் தெரியாது என்று பேதுரு மறுதலித்ததைப் பற்றியே முக்கால் மணி நேரம் பேசினார். நீட்டி முழக்குவதில் அவரை அடிக்க ஆளில்லை.

ஏப்ரல் 2, செவ்வாய்

முனிரத்தினம் போன் செய்தார். தேசம்மாவை இன்ஸ்பெக்டர் கூப்பிட்டு விசாரித்திருக்கிறார். இறப்புச் சான்றிதழ் வரை போய்விட்டது. ஒழுங்காகக் கொண்டுவந்து ஒப்படைத்ததால் வழக்கு இல்லையாம், எச்சரித்து அனுப்பிவிட்டார்களாம்.

"துப்பாக்கி?"

"லைசென்ஸ் செல்லாது சார். இனிமே அந்தம்மா கைக்குப் போவாது. அழிக்கிற லிஸ்ட்ல சேத்துட்டாரு. எலெக்‌ஷன் முடிஞ்சதும் ஆயுதப்படைக்கு அனுப்பிடுவோம். அங்க கேஸ் கட்டிங்தான்."

என்னால் நாற்காலியில் உட்கார முடியவில்லை. கேஸ் வெல்டிங் வைத்து அறுப்பார்களாம். அதை ஒன்றும் தெரியாத எவனோ தண்டவாளத் துண்டுபோல் மூன்றாக அறுக்கப்போகிறான். என் கேள்விக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று யாரும் சொல்ல முடியாது. அதுபோன்ற விஷயம் என்றைக்கிருந்தாலும் வெளியே வரத்தான் செய்யும்.

ஏப்ரல் 5, வெள்ளி

கலெக்டர் ஆபீஸ். இரண்டாவது மாடி, பிறகு தரைத்தளம், பிறகு மறுபடியும் இரண்டாவது மாடி. துப்பாக்கிப் பிரிவில் ஒரே ஒரு பெண் இருந்தார். மற்றவர்கள் எல்லாம் பறக்கும் படையில் இருக்கிறார்களாம். நன்னடத்தை விதி அமலில் இருப்பதால் எந்த மனுவும் எடுக்க முடியாதாம். பழம்பொருள் என்று விளக்கினேன். படம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எலெக்‌ஷன் முடியட்டும் சார்" என்றார்.

இந்த மூன்று வார்த்தைக்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து ஒவ்வொருவர் நெற்றியிலும் குத்திவிடலாம்.

ஏப்ரல் 9, செவ்வாய்

தேசம்மா க்ளினிக்கிற்கு வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். கீழ்க் கடைவாய்ப் பல், வேரில் சீழ். இப்போது பிடுங்க முடியாது, முதலில் மாத்திரை என்றேன். பல்லுக்காக மட்டும் வரவில்லை.

"துப்பாக்கிய வெட்டிப் போடப் போறாங்களாம் சார். எனக்குத் தெரிஞ்சி அத்தப் பத்தித் தெரிஞ்ச ஆளு நீங்க ஒருத்தருதான். ஒரு மனு எழுதிக் குடுங்க."

எழுதினேன். இரண்டு பக்கம். மாதிரி, ஆண்டு, நீளம், வரலாற்று மதிப்பு எல்லாம். அழிக்கக் கூடாது என்று கேட்டேன். அவர் பெயருக்குப் புது உரிமம் வேண்டும் என்று எழுதவில்லை. ஒரே மனுவில் இரண்டு கோரிக்கை இருந்தால் அதிகாரிகள் குழம்பிவிடுவார்கள். கையெழுத்துப் போடத் தெரியும் அவருக்கு, எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் நேரமாகும். படிக்கவில்லை. நம்பிப் போட்டார்.

போவதற்கு முன் பல்லை இன்னொரு முறை பார்க்க உட்காரவைத்தேன். அப்போது சொன்னார். "எங்க கொழுந்தன் எத்திராஜுதான் சொல்லியிருப்பான் சார். அவுரு செத்துட்டாருன்னு ஸ்டேஷனுக்குப் போயி சொல்ல வேற யாருக்கு வவுத்தெரிச்சல்? அவன் வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வந்துட்டேன். சொன்ன வாயில புழு வெக்க."

வாயைத் திறக்கச் சொல்லிப் பரிசோதிக்க ஆரம்பித்தேன். வாய்க்குள் கை இருக்கும்போது நான் பேசுவதில்லை.

ஏப்ரல் 10, புதன்

எஸ்தர் மேஜைமேல் இருந்த மனு நகலைப் படித்திருக்கிறாள். "இது அந்தம்மா மனுவா, உங்க மனுவா?" என்று கேட்டாள்.

பதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் தெருவில் பிரச்சார வண்டி வந்துவிட்டது.

ஏப்ரல் 19, வெள்ளி. வாக்குப்பதிவு

எஸ்தர் நேற்றே பெட்டியுடன் பூத்துக்குப் போய்விட்டாள். எனக்குப் பிடித்த மாதிரி ரசம் வைக்க எனக்குத் தெரியாது என்பதை இருபத்தாறு வருடம் கழித்துக் கண்டுபிடித்தேன். வரிசையில் நின்று ஓட்டுப் போட்டேன். விரல் மை கையுறையில் ஒட்டிக்கொண்டது.

தேர்தல் முடிந்ததே என்று ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன். ஓட்டு எண்ணிக்கை முடிந்தால்தான் தேர்தல் முடிந்ததாம். ஜூன் நான்கு. இன்னும் நாற்பத்தாறு நாள். இந்தியா முழுவதும் ஓட்டுப் போட்டு முடிக்கும்வரை என் ஸ்னைடர் துருப்பிடிக்க வேண்டும்.

ஏப்ரல் 27, சனி

தேசம்மா மாத்திரை முடிந்தும் வரவில்லை. பல்லை அப்படியே விட முடியாது. அதற்காகத்தான் போனேன்.

கொல்லையைப் பார்த்தேன். பாதியைப் பன்றி உழுதிருக்கிறது. ஏர் ஓட்டினாற்போல் வரிசையாகக் கிளறி, செடியைப் புரட்டிப்போட்டு, காயை மட்டும் தின்றிருக்கிறது. சரி, இதுவாவது துப்பாக்கி இல்லாததால். மீதிப் பாதி நின்ற இடத்திலேயே காய்ந்து கிடந்தது. அது எனக்குப் புரியவில்லை. பக்கத்துக் கொல்லையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"போர்வெல் எத்திராஜோடது. பங்குத் தண்ணி. அவன் தண்ணி ஒரு சொட்டு எனுக்கு வேணாம்னு சொல்லிட்டேன்" என்றார் தேசம்மா. "காட்டிக் குடுத்தவன் தண்ணியில வெளஞ்சா அந்தக் காயத் துன்ன முடியுமா சார்?"

வரப்புக்கு அந்தப் பக்கம் மோட்டார் கொட்டகையில் எத்திராஜ் நின்றிருந்தார். ஒல்லியான ஆள். எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

"அவருதான் சொன்னாருன்னு உங்களுக்கு நிச்சயமா தெரியுமா?" என்று கேட்டேன்.

"தெரியாம சொல்வனா?"

திரும்பும்போது காரை இரண்டு இடத்தில் நிறுத்தினேன். ஒன்றுமில்லை, வெயில்.

ஏப்ரல் 28, ஞாயிறு

கோவிலில் எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அப்பமும் திராட்சரசமும் வாங்கத் திருவிருந்துக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத விருப்பமில்லை.

மே 6, திங்கள்

கம்ப்ரஸர் பழுது. மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். மெக்கானிக்கிடம் கத்தினேன். பையனைப்போல் இருந்த அந்த ஆள் நாற்பது வயதுக்காரர் என்று பிறகு தெரிந்து இன்னும் எரிச்சலானது. மன்னிப்புக் கேட்டேன். சிலரிடம் கேட்பது எவ்வளவு சுலபமாக இருக்கிறது.

மே 20, திங்கள்

முனிரத்தினம் நேரிலேயே வந்தார். நல்ல செய்தி என்று சிரித்துக்கொண்டே வந்தார். என் மனு, அதாவது தேசம்மாவின் மனு, மேலே போய்ப் பதிலோடு இறங்கியிருக்கிறது. பழம்பொருளாகக் கருதலாம். வாரிசு சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், தேர்தல் விதி தளர்ந்த மறுநாள் என் உரிமத்தில் ஏற்றிக்கொள்ளலாம். இல்லையென்றால் ஜூன் ஆறாம் தேதி சாயங்காலம் லாரி.

"அடிச்சீங்க சார் லக்கு" என்றார். பிறகு குரலை இறக்கி, "அன்னிக்கி நீங்க வந்து கேக்கலன்னா எங்களுக்கும் தோணியிருக்காது. இன்ஸ்பெக்டர் கிட்ட சொன்னேன், அவருதான் எல்லா லைசென்ஸையும் எடுத்துப் பாத்தாரு" என்றார்.

காபி கொடுத்து அனுப்பினேன்.

ஐந்தாவது எனக்குக் கிடைக்கப்போகிறது. பத்தொன்பது வருடம். துள்ளிக் குதிக்க வேண்டும். கடிதத்தை டைப் செய்து மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன்.

மே 21, செவ்வாய்

எஸ்தரிடம் சொன்னேன். கடிதத்தைப் பற்றித்தான் ஆரம்பித்தேன். மற்றதும் வந்துவிட்டது. "பொதுவாத்தான் கேட்டேன்" என்று நான் மூன்றாவது முறை சொன்னபோது அவள் சுண்டலைக் கீழே வைத்தாள்.

"பொதுவா கேக்க ஊர்ல வேற ஸ்டேஷன் இல்லையா? நெட்ல பாக்கத் தெரியாதா உங்களுக்கு?"

தெரியும்.

"அவங்க வித்தே ஆகணும்னு நெனச்சீங்க."

ஆமாம் என்றேன். முதல் தடவையாக வாய்விட்டுச் சொல்கிறேன். இங்கேயும் எழுதிவைக்கிறேன்: விற்றே ஆக வேண்டும் என்றுதான் கேட்டேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

மே 24, வெள்ளி

தேசம்மா பல் பிடுங்க வந்தார். கடிதத்தை முதலில் படித்துக் காட்டினேன். முகம் மலர்ந்தது.

"உங்க வீட்லயே கெடக்கட்டும் சார். காசு எதுவும் வேணாம். வெட்டிப் போட்றதுக்கு இது எவ்ளோ மேலு. நீங்க இல்லன்னா ஆரு இத்தினி தூரம் அலைவா? பல்ல எடுத்துடுங்க, அப்புறம் கையெழுத்து போட்றேன். இப்ப வலியில எழுத்தே தெரியல."

ஊசி போட்டு மரப்பதற்காகக் காத்திருந்தேன். அந்த நேரத்தில் அவராகவே பேசிக்கொண்டிருந்தார். எத்திராஜின் மகளுக்கு நிச்சயம் வைத்திருக்கிறார்களாம். இவர் தூக்கி வளர்த்த பெண்ணாம். "முந்தாநேத்து எத்திராஜு வெத்தல பாக்கு எத்துக்கினு வந்து வாசல்ல நின்னான் சார். பெரியம்மா இல்லாம எப்பிடி அண்ணின்னு கேட்டான். கதவச் சாத்திட்டேன். கொஞ்ச நேரம் நின்னுக்கினு இருந்தான். தட்ட வாசப்படியில வெச்சிட்டுப் போய்ட்டான்." பேச்சு குழற ஆரம்பித்தது. மருந்து பிடித்துவிட்டது.

பல் வந்துவிட்டது. வேர் வளைந்திருந்தது, பத்து நிமிடம் ஆனது. ஒரு தையல் போட்டு, பஞ்சை வைத்து, "முக்கால் மணி நேரம் கடிச்சிக்கிட்டே இருங்க, பேசக் கூடாது" என்றேன்.

பிறகு சொன்னேன்.

எத்திராஜ் இல்லை, நான்தான் என்றேன். ஸ்டேஷனுக்குப் போனேன், முனிரத்தினத்திடம் கேட்டேன், ஏன் கேட்டேன், எல்லாவற்றையும் சொன்னேன். துப்பாக்கி உங்களுக்குத் திரும்பக் கிடைக்காவிட்டால் எனக்குத்தான் விற்பீர்கள் என்று கணக்குப் போட்டேன் என்றேன். மனுவில் உங்கள் உரிமத்தைப் பற்றி வேண்டுமென்றே எழுதவில்லை என்றேன். ஒரே மூச்சில் சொன்னேன். ஒருவர் வாயை மரக்கவைத்து, பஞ்சால் அடைத்து, பேசாதே என்று சொல்லிவிட்டுத்தான் எனக்கு இதைச் சொல்லத் தைரியம் வந்தது. அவர் பதில் சொல்ல முடியாது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். வெட்கக்கேடு.

தேசம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தாடை மட்டும் பஞ்சை இறுக்கிக் கடித்தது. எழுந்தார். தட்டில் இருந்த சம்மதக் கடிதத்தை எடுத்து நாலாக மடித்து மஞ்சள் பையில் போட்டுக்கொண்டார். மாத்திரைச் சீட்டை எடுக்கவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இரண்டு மணி நேரம் கழித்து க்ளினிக் போன் அடித்தது.

"டாக்டரே, மரப்பு போயிடுச்சி. இப்ப நான் பேசறேன், நீ கேளு."

அவர் சொன்னதை இங்கே எழுதப்போவதில்லை. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தகும். நடுவில் ஒரு முறை, "மண்ண வாரித் தூத்திட்டேனேடா பாவி" என்றார். கடைசியில் சொன்னதை மட்டும் எழுதுகிறேன்.

"நாளைக்குக் காத்தால ஏழு மணிக்கு வா. எத்திராஜு மோட்டார் கொட்டாயில இருப்பான். எனுக்குச் சொன்னத அவனுக்கும் சொல்லு. அவன் வாயில பஞ்சு வெக்காம சொல்லு."

மே 25, சனி

போனேன். எஸ்தரும் வந்தாள். நான் கேட்கவில்லை, அவளாகவே காரில் ஏறிவிட்டாள்.

எத்திராஜ் மண்வெட்டியைப் பிடித்தபடி கேட்டார். நடுவில் இரண்டு முறை, "நீங்களா சார்?" என்று மட்டும் கேட்டார். அவருக்கு என்னைத் தெரியும். அவர் பெண்ணுக்கு நான்தான் க்ளிப் போட்டிருக்கிறேன். அது எனக்கு நினைவே இல்லை. சொல்லி முடித்ததும் எனக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். தேசம்மா பத்தடி தள்ளி வரப்பில் நின்றிருந்தார்.

"எத்திராஜு" என்றார். அவ்வளவுதான்.

"வுடு அண்ணி."

கொட்டகைக்குள் போய் மோட்டாரைப் போட்டார். மடையைத் தேசம்மாவின் கொல்லைப் பக்கம் திருப்பினார். காய்ந்த பாத்திக்குள் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. செடி பிழைக்காது, அது எனக்கே தெரிந்தது. அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் கடைசிப் பாத்திவரை பாய்ச்சினார்கள். என்னை ஒருவரும் இருக்கவும் சொல்லவில்லை, போகவும் சொல்லவில்லை. சகதிக்குள் நின்றிருந்தேன். எஸ்தர்தான் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

மே 29, புதன்

தேசம்மா பெயருக்குப் புது உரிமம் கேட்டு மனு எழுதினேன். வாரிசுச் சான்று, சிட்டா, பயிர்ச் சேதத்துக்குப் படம் எல்லாம் வைத்தேன். எஸ்தர் படித்துப் பார்த்து இரண்டு இடத்தில் திருத்தினாள். அவளே மேல்பாக்கனூர் போய்க் கையெழுத்து வாங்கிவந்தாள். தேசம்மா முழுசாக எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டாராம். ஒரு மணி நேரம் ஆனதாம். தையல் பிரிக்கத் தேசம்மா வேறு டாக்டரிடம் போய்விட்டார் என்றும் சொன்னாள்.

கிடைத்தாலும் ஒரு வருடம் ஆகும். அதுவும் வேறு ஏதாவது துப்பாக்கிக்குத்தான். லாரி அதற்குக் காத்திருக்காது.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. நாள் முழுக்கத் தெருவில் பட்டாசு. யார் ஜெயித்தார்கள் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை.

ஜூன் 6, வியாழன்

துப்பாக்கிகளைத் திரும்ப வாங்கப் போனேன். மார்ட்டினியின் கட்டையில் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதியிருந்தார்கள். மார்ச் மாதமாக இருந்தால் ஸ்டேஷனையே இரண்டாக்கியிருப்பேன்.

விக்டோரியா தனியாகத் தரையில் கிடந்தது. அட்டையில் சிவப்பு மையில் கோடு. "அந்தம்மா லெட்டர் எங்க சார்?" என்றார் முனிரத்தினம். "நாலு மணிக்கு வண்டி."

"அவங்க தரல."

"நீங்க கேட்டீங்களா?"

"கேக்கல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "போன் போடுங்க சார், இன்னும் ரெண்டு மணி நேரம் கீது. வேணும்னா நானு வண்டில ஆள அனுப்பறேன். ஒரு கையெழுத்துதானே?" என்றார். உண்மையான அக்கறையுடன்தான் சொன்னார். எத்தனையோ தடவை என்னைக் காக்கவைத்த மனிதர், இன்று எனக்காகப் பறந்தார்.

போனைக் கையில் எடுத்தேன். எண் இருந்தது. நான் கேட்டால் தேசம்மா தரமாட்டார் என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அந்த மனுஷி தந்தாலும் தந்துவிடுவார். அதுதான் பயமாக இருந்தது. போனைப் பைக்குள் போட்டேன்.

"ஒரு தடவை கையில எடுத்துப் பாக்கலாமா?" என்று கேட்டேன். தாராளமாக என்றார். எடுத்தேன். நான் நினைத்ததைவிடக் கனம். கிரீடத்தின்மேல் விரலை வைத்தேன். ஒரு நிமிடம் வைத்திருந்தேனா, அதற்கும் குறைவா தெரியவில்லை. திரும்பக் கீழே வைத்தேன்.

ரசீதில் கையெழுத்துப் போட்டுவிட்டு, நானே ஒவ்வொன்றாகத் தூக்கிக் காரில் வைத்தேன். வீட்டுக்கு வந்து அலமாரியில் மாட்டும்போது எஸ்தர் அறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் வந்துடுச்சா?" என்றாள்.

"என்னோடது எல்லாம் வந்துடுச்சு" என்றேன்.